ஆடிக்காற்றில் பூக்கும் சாலையோரம்

ஆடி கடைசியில் ஒரு நாள், காலை ஆறரை மணி இருக்கும். குன்றக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு நடந்துகொண்டிருந்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் சாயங்காலம் ஒரு மழை பெய்திருந்தது. ஆனாலும் வயல்கள் வெளிறிப்போய்த்தான் கிடந்தன. கண்மாய்க்குள் கரம்பை வெடித்துப் பாளம் பாளமாகத் தெரிந்தது. தார்ச்சாலையின் இரண்டு ஓரமும் மட்டும் மஞ்சள் பூசினமாதிரி இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஆவாரை. அதற்குக் கீழே கொழுஞ்சியின் ஊதா. இன்னும் கீழே, தரையோடு தரையாக நெருஞ்சியின் சின்னச் சின்ன மஞ்சள். நடுநடுவே எருக்கு.

ஓர் ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் நின்றேன். கருவண்டு ஒன்று வந்தது. பறக்கும்போது கனமான, தாழ்ந்த ரீங்காரம். பூவைக் காலால் பற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் இறக்கை மடங்கிவிட்டது, சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது வேறு சுருதிக்கு ஏறியது. மெல்லிசான, கூர்மையான சத்தம், விட்டுவிட்டு மூன்று நான்கு தரம். அப்புறம் அடுத்த பூ. அங்கேயும் அதே.

வயலும் கண்மாயும் காய்ந்து கிடக்கிற மாதத்தில் சாலையோரம் மட்டும் எப்படிப் பூக்கிறது? எத்தனையோ செடி இருக்க, வருடா வருடம் இதே செடிகள் ஏன் வருகின்றன? அந்த வண்டு எதற்காகச் சுருதி மாற்றியது? செட்டிநாட்டுச் சாலைகளில் போகிற எல்லோரும் பார்க்கிற காட்சிதான் இது. கார்க் கண்ணாடிக்கு வெளியே வெறும் புதராக ஓடிப்போகிறது. நின்று பார்த்தால் இந்த மண்ணின் கதை மொத்தமும் அந்த ஆறடி அகலத்துக்குள் இருக்கிறது.

முதலில் காலம். தமிழில் வேனிலுக்கு இரண்டு பாதி உண்டு. சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணி பிறந்தால் கார். இன்றைய பேச்சில் அக்னி நட்சத்திரம் முடிந்தாலே கோடை முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறோம். காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பழைய கணக்குத்தான் சரி என்று தெரியும். ஆனி, ஆடி வெயில் சும்மா விடாது. மேற்கே மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மலையைத் தாண்டி இங்கே வந்து சேருவது காய்ந்த காற்று. அம்மியைப் பறக்க வைக்கிறதோ இல்லையோ, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

ஆடி நடுவுக்கு மேல் இன்னொரு காற்று சேர்ந்துகொள்கிறது. பகல் முழுக்கச் சூடேறின செம்மண் தரை ஒரு பக்கம். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே தொண்டிப் பக்கத்துக் கடலிலிருந்து உள்ளே வரும் ஈரக்காற்று இன்னொரு பக்கம். மேற்குக் காற்றும் கடல்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மேலே எழும்பி, மேகம் கட்டி, சாயங்காலம் இடியோடு மழை இறங்குகிறது. அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். கோட்டையூரில் கொட்டும், பள்ளத்தூரில் ஒரு சொட்டு இருக்காது. வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெறுகிற பூமி இது. கண்மாயை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை மழை. ஆடி, ஆவணி மழை கண்மாய்க்குப் பத்தாது, விதைக்குப் பத்தும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சம்சாரி சொல்வது இந்த மழையை நம்பித்தான். மண்ணுக்குள் கிடக்கிற களைவிதையும் அதே மழைக்குத்தான் காத்துக் கிடக்கிறது.

சரி, அப்படியென்றால் வயலும் பொட்டலும்கூடப் பூக்க வேண்டுமே? இங்கேதான் சாலையின் வேலை வருகிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு ஏழு மீட்டர் அகலம். நடு உயர்ந்து இரண்டு பக்கமும் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்றரை மீட்டர் அகலத்துத் தண்ணீர் வழியும். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், சாலையோரத்தில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 70 லிட்டர், அதாவது ஐந்தாறு குடம் தண்ணீர் தாரிலிருந்து இறங்குகிறது. அந்த ஓரத்தில் நேராக விழுந்த மழை வேறு 20 லிட்டர். வயலில் 20 மில்லிமீட்டர் பெய்த அன்றைக்கு, ஒரு மீட்டர் அகலச் சாலையோரத்துக்கு மட்டும் 90 மில்லிமீட்டர் பெய்த கணக்கு. சூடான தாரில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் வரத்துக்கால் வழியே ஓடிவிடும். அதைக் கழித்தாலும் வயலைப்போல மூன்று மடங்குக்குக் குறையாது. ஆடியில் சாலையோரம் பச்சையாக இருப்பதில் மாயம் ஒன்றும் இல்லை.

தண்ணீர் மட்டும் போதாது, மண்ணும் விட வேண்டும். செட்டிநாட்டுத் தரை செம்மண். பல இடங்களில் அதற்குக் கீழே செம்பாறை, ஊருணிப் படித்துறைக்கும் சுவருக்கும் வெட்டியெடுத்த அதே துளைத்துளையான சிவப்புக் கல். இரும்பு மிகுந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. செடிக்கு வேண்டிய பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுலபத்தில் கொடுக்காது. தழைச்சத்தும் குறைவு. இப்படிப்பட்ட மண்ணில் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடிக்கிற செடிக்குக் கை ஓங்கும். கொழுஞ்சியைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கும். அந்த முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர்தான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சமைத்துப் போடுகிறது. அந்தக் காலத்தில் நடவுக்கு முன்னால் கொழுஞ்சியை வயலில் மிதித்தது இதற்காகத்தான். செருப்பு நெருஞ்சி, கிலுகிலுப்பை இரண்டும் இதே வழி. அவரைக் குடும்பத்திலேயே இருந்தும் ஆவாரைக்கு அந்த வேர்முடிச்சு கிடையாது. அது வேறு வழியில் பிழைக்கிறது. ஆழமாக இறங்கும் வேர், வெட்டினாலும் அடியிலிருந்து தழைக்கும் கட்டை. சாலை போடும்போது செம்பாறையை உடைத்து ஓரத்தில் சரளையும் மண்ணுமாகக் கொட்டியிருப்பார்கள். ஆவாரை வேர் உள்ளே போக அந்த இடுக்கு போதும்.

மூன்றாவது காரணத்தை எனக்குச் சொன்னது ஆடு மேய்க்கிற ஒரு அப்பத்தா. கண்டரமாணிக்கம் போகும் சாலையில், கொழுஞ்சி ஊதாப் பாய் விரித்தமாதிரி பூத்துக்கிடந்த இடத்தில், முப்பது நாற்பது ஆடுகளை அதன் வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் நின்று மேயவில்லை.

“ஏன் அப்பத்தா, இதை ஆடு தொடாதா?” என்று கேட்டேன்.

“இதத் தின்னா நான் எதுக்குப்பா இம்புட்டுத் தூரம் ஓட்டிக்கிட்டு வாரேன்? வாய வச்சுப் பாக்கும், விட்டுரும். புல்லு இருந்தா கடிக்கும், கருவேலங்காய்னா ஓடும். இந்தக் கொழுஞ்சி, எருக்கு, ஆவாரைக்கெல்லாம் ஆடு மாடு வராது. நீ வேணும்னா பறிச்சுக்க” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் சொன்னதை நினைத்துக்கொண்டு சாலையோரத்தைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். தினம் இரண்டு வேளை ஆடு மாடு கடந்துபோகிற ஓரம் அது. வாய்க்கு ருசியான செடியெல்லாம் பூக்கிற வயதுக்கே வருவதில்லை. மிச்சம் நிற்பது பால் வடியும் எருக்கு, நாற்றமடிக்கும் பேய்மிரட்டி, கசக்கும் ஆவாரை, முள்ளோடு கிடக்கும் நெருஞ்சி. தண்ணீர் கொடுத்தது சாலை, களையெடுத்தது ஆடு. நாம் ரசிக்கிற பூக்களின் பட்டியலை மூன்று தலைமுறை ஆடுகள் சேர்ந்து போட்டிருக்கின்றன.

இனி அந்த வண்டின் சத்தம். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அது வண்டுக்குக் கொடுப்பது மகரந்தம் மட்டும்தான், அதையும் சும்மா கொடுக்காது. பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும், எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மேல்பக்கம் இருக்கும் மூன்று சின்னவை, வெறும் பொக்கு, மகரந்தமே இல்லை. கீழ்ப்பக்கம் நீண்டு வளைந்து நிற்பவைதான் பெரியவை. மற்றப் பூக்களில் மகரந்தப் பை வெடித்துத் திறந்து தூள் வெளியே தெரியும். இதில் பை மூடியே இருக்கிறது, நுனியில் மட்டும் ஒரு துளை. உப்புக் குப்பியைக் குலுக்கினால்தான் உப்பு விழும் என்பதுபோலத்தான். கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமல், பறப்பதற்கான மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் பீய்ச்சுகிறது. நான் கேட்ட கூர்மையான சத்தம் அந்த அதிர்வுதான். நடுவில் உள்ள தாள்களின் மகரந்தம் வண்டுக்குச் சாப்பாடு. கீழே நீண்டு நிற்கிற தாள்களிலிருந்து தெறிப்பது, வண்டால் எளிதில் தொட முடியாத இடத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒரே செடியில் பத்துப் பூவைப் பறித்து வரிசையாக வைத்தால், சிலவற்றில் சூல்தண்டு இடது பக்கம் வளைந்திருக்கும், சிலவற்றில் வலது பக்கம். கண்ணாடியில் பார்த்தமாதிரி எதிரெதிர். வண்டின் வலது விலாவில் ஒட்டின மகரந்தம் ஒரு வகைப் பூவுக்கும், இடது விலாவில் ஒட்டினது மற்ற வகைக்கும் போய்ச் சேர இந்த ஏற்பாடு. நான் இதை முதலில் தெரிந்துகொண்டபோது நடுரோட்டில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டேன். தேனீக்களுக்கு இந்த அதிர்வு வித்தை வராது. வண்டு சிந்திவிட்டுப் போன தூளை அவை பொறுக்கும். அதனால் ஆவாரை காய்பிடிக்கக் கருவண்டு வேண்டும். அந்தக் கருவண்டு கூடு குடைய காய்ந்த மரமோ மூங்கிலோ வேண்டும். பழைய வீட்டு உத்திரத்தில் வட்டமாகத் துளை போட்டிருப்பது அதுதான். செட்டிநாட்டு வீடுகளில் தேக்கும் பர்மா மரமும் அதற்குக் குறைவில்லாமல் இருக்கின்றன.

ஆவாரையை இந்த ஊர் எப்படி வைத்திருக்கிறது என்பது தனிக் கதை. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. பொங்கலுக்கு முதல் நாள், ஆவாரம்பூவையும் கண்ணுப்பிள்ளைப் பூவையும் வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவோம். நகரத்தார் வீடுகளில் மார்கழிப் பிள்ளையார் நோன்புக்கும் ஆவாரம்பூ வேண்டும். வாட்டில் (wattle) என்கிற மரத்தின் பட்டை தென்னாப்பிரிக்காவிலிருந்து இறங்கும்வரை தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆவாரம்பட்டைதான் ஆதாரம். வெயிலில் நடந்து போகிறவர் தலையில் ஆவாரங்கொத்தை வைத்துத் துண்டைக் கட்டிக்கொள்வதை இன்றும் பார்க்கலாம். ஆவாரம்பூ டீத்தூள் என்று பொட்டலம் போட்டு இப்போது விற்கிறார்கள். அதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, பூ சாலையிலேயே கிடைக்கிறது.

எருக்கு இதற்கு நேர் எதிர். ஆவணியில் விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் வரைக்கும் அதை யாரும் சீந்துவதில்லை. அன்றைக்குப் பிள்ளையார்பட்டிச் சாலையில் விடிவதற்கு முன்பே சாக்கும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள். எருக்கம்பூ மாலை கட்டுவதும் சுலபம், மொட்டு கெட்டியானது, கோத்தால் நசுங்காது. நடுவில் கிரீடம்போல ஐந்து முகத்தோடு எழும்பி நிற்கிற பாகத்தைப் பிள்ளைகள் பிய்த்து விளையாடுவார்கள். அந்தக் கிரீடத்துக்குள்தான் எருக்கின் வேலை நடக்கிறது. இதில் மகரந்தம் தூளாக இருக்காது. மெழுகுமாதிரி கட்டியாகி, இரண்டு இரண்டு பையாக ஒரு கவ்வியில் தொங்கும். ஐந்து முகங்களுக்கு நடுவே ஐந்து இடுக்குகள். தேனுக்கு வரும் வண்டின் காலோ வாயோ இடுக்குக்குள் வழுக்கி மாட்டும். இழுத்து எடுக்கும்போது கவ்வி அதில் பற்றிக்கொண்டு மகரந்தப் பையோடு வெளியே வரும். அடுத்த பூவின் இடுக்கில் அது போய்ப் பொருந்தினால் காய். பொருந்தாவிட்டால் ஒன்றுமில்லை. ஒரு செடியில் அத்தனை பூப் பூத்தும் காய் ஏன் நாலைந்துதான் தொங்குகிறது என்ற கேள்விக்கு விடை இதுதான்.

எருக்கிலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு ஒன்று அனேகமாக இருக்கும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கம்பாலில் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆடு மாடு ஒதுங்குவது அதனால்தான். இந்தப் புழு அதையே தின்று, நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சியான பிறகும் அது போவதில்லை. ஒருதரம் கொத்திப் பார்த்த பறவை மறுதரம் வராது. அந்த ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி இவ்வளவு நிதானமாக, அவசரமே இல்லாமல் பறக்கிறதே, அந்தத் தைரியம் எருக்கு கொடுத்தது.

பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை இந்தச் செம்மண் சீமையின் வடமேற்கு ஓரத்தில், சிங்கம்புணரிப் பக்கம் இருக்கிறது. அந்தப் பாரியைப் பாடின கபிலர் எருக்கைத்தான் உவமைக்கு எடுத்தார். நல்ல பூ, கெட்ட பூ என்ற கணக்கில் சேராத எருக்கம்பூவேயானாலும், அன்போடு கொடுத்தால் தெய்வம் வேண்டாம் என்று சொல்லாது. அதுபோல அறிவில்லாதவர் போய்க் கேட்டாலும் பாரி கொடுப்பான் என்கிறது புறநானூற்று 106-ஆம் பாட்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியும் எருக்கின் கதி இதுதான் போலிருக்கிறது. மலையிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற அளவுக்கு அன்றைக்கும் வழியோரம் அது பூத்துக் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சாலையோரப் பூக்களுக்கு நேரம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. விஷ்ணுகிராந்தியைப் பார்க்க வேண்டுமானால் பத்து மணிக்குள் போக வேண்டும். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, ஆனால் அந்த நீலம் வேறு எந்தப் பூவிலும் இல்லை. வெயில் ஏறினால் சுருங்கிவிடும், செடி இருக்கும் இடமே தெரியாது. நெருஞ்சியும் காலைப் பூதான், ஐந்து இதழும் சூரியனைப் பார்த்தபடி. கண்ணுக்கு இனிதாகப் பூத்துப் பின்னால் முள்ளைக் கொடுக்கிற நெருஞ்சியைப்போல என் காதலன் மாறிவிட்டான் என்று ஒரு தலைவி புலம்புகிற பாட்டு குறுந்தொகையில் இருக்கிறது. அந்த முள் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்து நிற்கும். சைக்கிள் டயரிலும் ஆட்டுக் குளம்பிலும் ஏறி அடுத்த ஊருக்குப் போவதற்கான ஏற்பாடு அது. துத்தி மத்தியானம் வரை மொட்டை இறுக்கி வைத்திருக்கும். மூன்று மணிக்கு மேல் விரிக்கும், ஆரஞ்சு கலந்த மஞ்சள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்த பூ என்று பலருக்கு அது நினைவிருக்கும். காலையில் மட்டும் நடைக்குப் போகிறவருக்குத் துத்தி பூக்கும் என்பதே தெரியாமல் போக வாய்ப்பு உண்டு.

தும்பை ஆவணிக்குத்தான் முழுசாக வரும். ஆடி மழையில் முளைத்து, முழங்கால் உயரம்கூட வளராமல், கணுவுக்குக் கணு பச்சை உருண்டை கட்டி அதிலிருந்து வெள்ளை உதட்டை நீட்டும். அந்த உதடு பூச்சிக்கு உட்காரும் திண்ணை. மெல்லப் பூவை உருவி அடிப்பக்கத்தை உறிஞ்சினால் ஒரு துளி இனிப்பு. எங்கள் தெருவில் எறும்புக்கும் எங்களுக்கும் அதில் போட்டி. போருக்குப் போகிறவன் தும்பைப் பூச் சூடினான் என்று இலக்கணம் சொல்லும்போது, இவ்வளவு சின்னப் பூவா என்று தோன்றும். ஆனால் புழுதி படிந்த செம்மண் ஓரத்தில் அது மட்டும் அழுக்கே ஒட்டாமல் நிற்பதைப் பார்த்தால் ஏன் என்று புரிகிறமாதிரி இருக்கும்.

கிலுகிலுப்பையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. காய்ந்த நெற்றை ஆட்டினால் சலங்கைச் சத்தம் வரும், அதனால் அந்தப் பெயர். செடி எங்காவது ஒடிந்து காய ஆரம்பித்தால், நீல வரியன் பட்டாம்பூச்சிகள் பத்து இருபது அதில் மொய்க்கும். பூவுக்காக வருவதில்லை, ஒடிந்த இலையிலும் தண்டிலும் கசிகிற சாறுக்காக வருகின்றன. வருபவை பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சாற்றிலுள்ள காரப்பொருளிலிருந்துதான் பெண்ணை அழைக்கும் வாசனையை அவை தயாரிக்கின்றன. ஒரு தரம் ஆத்தங்குடிப் பக்கம் இந்தக் கூட்டத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எதுவும் பறக்கவில்லை. மனிதன் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கக்கூட அவற்றுக்கு நேரமில்லை.

இந்த ஓரத்தில் எல்லாமே பூர்வீகக் குடி என்று சொல்ல மாட்டேன். வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழிகிற மூக்குத்திப் பூ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆனாலும் சின்னப் பட்டாம்பூச்சிகளுக்கு வருடம் முழுக்கச் சோறு போடுகிறது. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிற நித்தியகல்யாணி மடகாஸ்கர்ச் செடி. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து அதிலிருந்துதான் வருகிறது. இவற்றை விரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. பார்த்தீனியம் வேறு. 1950-களில் புனேப் பக்கம் கண்ணில் பட்டது, இன்றைக்கு நாடு முழுக்க இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் தும்பை வராது, விஷ்ணுகிராந்தி வராது, தொட்டால் அரிப்பு வேறு. சீமைக்கருவேல் தரிசை மூடின கதையைச் சிவகங்கைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வயலை விட்டு ஆட்கள் போய், தரிசைச் சீமைக்கருவேல் பிடித்து, மிச்சத்தைப் பிளாட் கல் பிடித்த பிறகு, ஆவாரைக்கும் கொழுஞ்சிக்கும் திறந்த வெயில் கிடைக்கிற இடம் இந்தச் சாலையோரம்தான். ஒரு காலத்தில் ஊர் முழுக்க இருந்ததில் மிஞ்சியது ஒரு நாடா அளவு.

ஊர் முழுக்க இருந்தது என்பதற்கு ஊர்ப் பெயர்களே சாட்சி. காரைக்குடியின் பெயர் காரைச் செடியால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இரண்டின் ஊர்ப்பெயர் சூரைக்குடி, இலுப்பைக்குடி. சூரை முள்கொடி, இலுப்பை மரம். குடியேறினவர்கள் ஊருக்குப் பெயர் வைக்க மன்னரைத் தேடவில்லை, பக்கத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது எனக்கு வருத்தம் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் அடிக்கடி நடக்கிற ஒரு சாலையில், போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆவணி முதல் வாரம், பொக்லைன் வந்து ஓரத்தைச் சுரண்டியது. ஒரு கிலோமீட்டர் இருக்கும். ஆவாரை முழுப்பூவில் இருந்தது, கொழுஞ்சி பிஞ்சு விட்டிருந்தது, தும்பை அப்போதுதான் மொட்டு. ஒரே நாளில் சிவப்பு மண் மட்டும் மிஞ்சியது. சாலை வளைவில் எதிரே வருகிற வண்டி தெரிய வேண்டும், அதற்குச் செடி தாழ இருக்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. தாரை ஒட்டின ஒரு மீட்டர் அகலத்தை எப்போது வேண்டுமானாலும் வெட்டட்டும். என் வருத்தம் இரண்டு விஷயத்தில். ஒன்று, மாதம். ஆவணியில் எடுத்தால் அந்த வருட விதை ஒன்றுகூட மண்ணில் விழாது. தை முடிந்து, காப்புக்கட்டும் ஆகி, நெற்று வெடித்த பிறகு வெட்டினால் அதே வேலை, அதே கூலி, விதை மட்டும் மிச்சம். இரண்டு, சுரண்டுவதும் வெட்டுவதும் ஒன்றில்லை. அரிவாளால் அடித்தாலும் இயந்திரத்தால் வெட்டினாலும் ஆவாரை அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். பொக்லைன் வாளி மேல்மண்ணை நாலு விரற்கடை அள்ளிக்கொண்டு போகிறது. அந்த நாலு விரற்கடைக்குள்தான் வருடக்கணக்கில் விழுந்த விதையெல்லாம் இருக்கிறது. ஆவாரை, கொழுஞ்சி விதைகளுக்குத் தோல் கெட்டி. ஒரே மழையில் எல்லாம் முளைத்துவிடாது. கொஞ்சம் இந்த வருடம், கொஞ்சம் அடுத்த வருடம் என்று தவணையாக முளைக்கும். மழை பொய்த்த வருடத்தைத் தாண்ட அவை சேர்த்து வைத்த சேமிப்பு அது.

சுரண்டினதில் வேர் பிடித்து வைத்திருந்த சரளையும் இளகிவிட்டது. அந்த ஐப்பசி மழையில் ஓரம் அரித்து, மண் வரத்துக்காலில் இறங்கி, ஊருணிக்குப் போகிற மடைவாயை அடைத்தது. அடுத்த தடவை அதே பொக்லைன் அந்த மண்ணை அள்ள வந்தது.

நான்கு வழிச் சாலைகளின் நடுவில் வரிசையாக அரளி வைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, புகையும் வெயிலும் தாங்கும், ஆடு தொடாது. ஆனால் அரளிப் பூவில் தேன் இல்லை, அதை நாடி வரும் வண்டும் தேனீயும் ஏமாந்துதான் போகும். லாரித் தண்ணீர் ஊற்றி அதை வளர்க்கிற சாலையின் இரண்டு ஓரத்திலும், யாரும் தண்ணீர் ஊற்றாத ஆவாரை தானாக நிற்கத் தயாராக இருக்கிறது. அதை நிற்க விட்டால் போதும்.

இந்த ஆடியில் அந்தச் சுரண்டின ஒரு கிலோமீட்டரை மறுபடி நடந்து பார்த்தேன். முக்கால்வாசி பார்த்தீனியம். அதன் வெள்ளைப் பூவைத் தூரத்திலிருந்து பார்த்துத் தும்பை என்று நினைத்து ஏமாந்தேன். நடுவே ஒரு மைல்கல். அதை இடிக்காமல் வாளி சுற்றிப்போயிருக்க வேண்டும், கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பழைய மண் அப்படியே இருந்தது. அதில் மூன்று ஆவாரை, ஒரு கொழுஞ்சி, கல்லின் நிழலில் நாலைந்து விஷ்ணுகிராந்தி. ஆவாரையில் ஒன்று பூத்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். கருவண்டு வந்தது, பூவில் உட்கார்ந்தது, சுருதி மாறியது.